ரயிலும் படகும் விட்டுச்சென்ற பாதைகள்: வாசகர் கேள்வி – பதில்

பிரான்சின் நாட்டுப்புறத்தில் மோட்டார் வண்டிகள் வராத சரளைப் பாதைகளில் சைக்கிளில் செல்வது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது.

கேள்வி: என் மகன் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறான். வருகிற கோடையில் அங்கே சென்று சில வாரம் தங்கப்போகிறேன். மோட்டார் வண்டியே வராத பாதைகள் அந்த நாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இருப்பதாக அவன் சொல்கிறான். இங்கே கடைவீதிக்குச் சைக்கிளை எடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே மட்டும் அது எப்படி முடிந்தது? உண்மையிலேயே ஒரு வண்டியும் வராதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை வேறொரு வேலைக்காகப் போடப்பட்டு, அந்த வேலை ஓய்ந்தபின் கேட்பாரற்றுக் கிடந்து, பிறகு பொதுமக்களுக்காக மீட்கப்பட்டவை. ஆகவே எந்தப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அது முன்பு என்னவாக இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள். ஏற்றம் எவ்வளவு, நிழல் உண்டா, தரை எப்படி, அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் அந்த ஒரு விடையிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதல் வகை பழைய ரயில் தடம். 1879-ல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஃப்ரேசினே கொண்டுவந்த திட்டத்தின்படி சிற்றூர்ப் பகுதிகளுக்கெல்லாம் தண்டவாளம் நீண்டது. பேருந்தும் லாரியும் பெருகிய பிறகு அந்தக் கிளைப் பாதைகளில் பலவற்றில் வருமானம் குறைந்து, இருபதாம் நூற்றாண்டில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்த நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப்போகாமல் உள்ளாட்சி அமைப்புகள் காப்பாற்றிய இடங்களில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது. பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையிலான 44 கிலோமீட்டர் தடம் 1997-ல் இவ்வாறு திறக்கப்பட்டது. நாட்டில் இவ்வகைப் பாதைகளுக்கு அதுவே முன்னோடி. 2004-ல் சாலை விதிகளிலேயே 'வுவா வெர்த்' என்னும் பசுமைப் பாதை தனி வகையாகச் சேர்க்கப்பட்டு, நடப்பவர், சைக்கிளில் செல்பவர், குதிரையில் செல்பவர் ஆகியோருக்கு உரியதாக வரையறுக்கப்பட்டது. அந்தப் பாதையைக் குறிக்கும் நீலச் சதுரப் பலகையைப் பார்த்தால் நிம்மதியாக உள்ளே நுழையலாம்.

இரண்டாம் வகை கால்வாய்க் கரை. இயந்திரம் வருவதற்கு முன் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அந்தக் குதிரைகள் நடப்பதற்காக நீரை ஒட்டி அமைந்த தடம் இன்றும் அப்படியே இருக்கிறது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுப் பூட்டு உள்ள இடத்தில் மட்டும் சற்றே ஏறும், மற்றபடி சமதளம்.

மூன்றாம் வகை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் கிராமப் பாதை. இது ஊராட்சிக்குச் சொந்தம், ஆனால் எல்லோரும் நடமாடலாம். டிராக்டர் வரும், அறுவடைக் காலத்தில் அடிக்கடியே வரும். ஆனால் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடாத தடங்களிலும் இயற்கைப் பகுதிகளிலும் மோட்டார் வண்டிகள் உல்லாசமாக ஓடுவதை 1991-ல் வந்த ஒரு சட்டம் தடுத்திருப்பதால், நாள் முழுக்க ஓட்டினாலும் எதிரே ஓரிரண்டு வண்டிகளைத் தவிர வேறெதையும் பார்க்காமல் போவது அங்கே இயல்பு.

நம்மிடம் ஏன் முதல் வகை இல்லை என்று கேட்டால், அதற்குக் காரணம் அலட்சியம் அன்று. காரைக்குடி – திருவாரூர் மீட்டர் கேஜ் பாதையில் 2012-ல் ரயில் நின்றது. 2019-ல் அகலப் பாதையாக அது மீண்டும் திறக்கப்பட்டது. நமக்கு ரயில் தேவைப்பட்டது, கிடைத்தது. நாம் பார்க்க வேண்டியவை மற்ற இரண்டு வகைகள்.

கேள்வி: கண்மாய்க் கரையிலும் வண்டிப் பாதையிலும் ஓட்டிப் பழகியவன் நான். படிப்புக்காகப் பிரான்சுக்குப் போகிறேன். தார் போட்ட பாதை வேண்டாம். சரளையும் மண்ணுமாக இருக்க வேண்டும், கூட்டமும் இருக்கக் கூடாது. எந்தப் பகுதிகளுக்குப் போகலாம்?
– மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பிக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. பெயர் பெற்ற நெடும்பாதைகளில் பல இப்போது தார் பூசப்பட்டுவிட்டன. ஜிவ்ரி – க்ளூனி தடமே தார்தான். லுவார் ஆற்றை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டர் ஓடும் புகழ்பெற்ற பாதையிலும் தார் உண்டு, சரளை உண்டு, கார் ஓடும் சிறு சாலைகளும் உண்டு. கோடையில் கூட்டமும் மிகுதி. நீங்கள் கேட்பது போன்ற தரை வேண்டுமானால் மூன்று இடங்களைச் சொல்வேன்.

பிரான்சின் வடமேற்கே உள்ள பிரித்தானிப் பகுதியில் நான்த் நகரையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாய் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆங்கிலேயரின் கடற்படை கடலை மறித்தபோது சரக்குகள் உள்நாட்டு வழியாகச் செல்ல வேண்டும் என்பதற்காக நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கி, 1842-ல் முழு நீளத்துக்கும் திறக்கப்பட்டது. பின்னால் கெர்லெதான் என்னுமிடத்தில் கட்டப்பட்ட அணை அதை இரண்டாக வெட்டிவிட்டது. சரக்குப் படகும் ஓய்ந்தது. கரைத்தடம் மட்டும் இறுகிய மணலும் பொடிச் சரளையுமாக மிஞ்சியிருக்கிறது. மதகுக் காவலர்களின் சிறு வீடுகள் வரிசையாக வரும். ஜோசலின் ஊரில் கோட்டைச் சுவர் நேராக நீரில் இறங்கி நிற்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அங்கே மழை எந்த மாதத்திலும் பெய்யும் என்பதால் சக்கரத்துக்கு மட்கார்டு அவசியம்.

தெற்கே ஓ-லாங்குதோக் மலைப் பகுதியில் மசாமேயிலிருந்து பெதாரியூ வரை பழைய ரயில் தடமாகிய 'பாசா பைஸ்' சுமார் 80 கிலோமீட்டர். தார் இல்லாத பாதை. மலைக்குள் செல்கிறதே என்று அஞ்ச வேண்டாம். நீராவி இஞ்சின் ஏறுவதற்காகப் போட்ட சரிவு ஆகையால் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவுக்கு மேல் பெரும்பாலும் ஏறாது. குகைப்பாதைகள் இருப்பதால் விளக்கு வேண்டும்.

மூன்றாவது இடத்தைப் பற்றி நான் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாயை, பியர் போல் ரிக்கே என்ற உப்புவரி அதிகாரி 1666-ல் தொடங்கினார். 1681-ல் அது முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். 1996 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கால்வாய் ஒரு மேட்டைக் கடந்தாக வேண்டும். மேட்டின் உச்சிக்கு நீர் வேண்டும். அதற்காக ரிக்கே கறுப்பு மலையின் ஓடைகளை மறித்து, சேன் ஃபெரயோல் என்னுமிடத்தில் பெரிய நீர்த்தேக்கம் கட்டி, அங்கிருந்து மேட்டின் உச்சியான நோரூஸ் வரை மெல்லிய சரிவில் வாய்க்கால் வெட்டினார். நம் கண்மாய்களுக்கு வரத்துக்கால் எப்படியோ, அந்தக் கால்வாய்க்கு இந்த வாய்க்கால் அப்படி. இதன் கரையிலேயே ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு மண்ணும் சரளையுமான ஒற்றைத் தடம் மரநிழலில் வளைந்து வளைந்து செல்கிறது. வாய்க்கால் நேராக ஓடாமல் நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் கோதுமை வயல் ஒருமுறை இடப்புறம் தெரியும், அடுத்த திருப்பத்தில் வலப்புறம் வந்துவிடும். பெருங்கால்வாயின் கரைக்கு வருபவர்களில் மிகச் சிலரே இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்.

பெருங்கால்வாயின் கரையோ துலூஸிலிருந்து போர் லோரகே வரை சுமார் 50 கிலோமீட்டர் தார். அதைத் தாண்டிக் கிழக்கே போனால்தான் மண் தடம். வரிசையாக நிற்கும் பிளேன் மரங்களின் வேர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்திருப்பதால் கைகள் நோகும், வேகம் பிடிக்காது. 2006-ல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களைத் தாக்கி, பல்லாயிரம் மரங்களை வெட்ட வேண்டியதாகிவிட்டது. வேறு மரங்கள் நட்டு வருகிறார்கள். ஆயினும் நிழலே இல்லாத நீண்ட பகுதிகள் இருக்கின்றன, அவற்றை உச்சி வெயிலில் கடக்காமல் திட்டமிடுங்கள்.

இவை தவிர, தூர் நகருக்கு அருகே திராட்சைத் தோட்டத்து மண் பாதைகள் பாரிஸ் – தூர் என்னும் பழம்பெரும் சைக்கிள் பந்தயத்தில் 2018 முதல் இடம்பெறுகின்றன. பிரித்தானியின் வடமேற்கு முனையில் 1984 முதல் நடந்துவரும் த்ரோ ப்ரோ லியோன் பந்தயமும் பண்ணைப் பாதைகளிலேயே ஓடுகிறது. பந்தய நாளைத் தவிர மற்ற நாள்களில் அவை அமைதியாகக் கிடக்கும். பண்ணைப் பாதைகளில் செல்வதற்கு ஐ.ஜி.என். என்னும் அரசு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தைப் பார்க்கப் பழகுங்கள். இணையத்திலும் அது கிடைக்கிறது. வரைபடத்தில் பாதை தெரிகிறது என்பதற்காக எல்லாம் பொதுப் பாதை ஆகிவிடாது. 'ப்ரிவே' என்று எழுதிய பலகை இருந்தால் அது தனியாருடையது, திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பள்ளி ஆசிரியையாகச் சைக்கிளிலேயே போய்வந்தவள். இப்போது முழங்கால் வலி உண்டு. பேரன் பேத்தியைப் பார்க்கப் பிரான்ஸ் போகும்போது அவர்களோடு நானும் ஓட்ட ஆசைப்படுகிறேன். ஆசைப்படலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தாராளமாக ஆசைப்படலாம், ஆச்சி. உங்களுக்குச் சரளை வேண்டாம். தார் போட்ட பசுமைப் பாதையே நல்லது. ஜிவ்ரி – க்ளூனி தடமும், துலூஸிலிருந்து போர்தோ பக்கம் செல்லும் கரோன் கால்வாய்க் கரையும் மிகப் பொருத்தம். முதல் தடத்தில் பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக வருவதால் இளைப்பாற இடம் தேட வேண்டியதில்லை. மின்விசை உதவும் சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முழங்காலுக்கு அது பெரிய துணை. இருக்கையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், தாழ்ந்த இருக்கைதான் முழங்காலைக் கெடுப்பது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 முதல் சட்டப்படி கட்டாயம். வழியில் தங்குவதானால் 'அக்கேய் வேலோ' என்ற பலகை உள்ள விடுதிகளைப் பாருங்கள். அவை சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், வண்டியைப் பூட்டிவைக்க இடமும் தருவார்கள்.

கேள்வி: இங்கே சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிள் வாங்கி ஓட்டுகிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது பஞ்சர் ஆகிறது. பிரான்சுக்கு இதையே கொண்டுபோகலாமா? டயர் எந்த அளவு இருக்க வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: நம் ஊரில் பஞ்சருக்குக் காரணம் சரளை அன்று, முள். கழற்றிய டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல் முள் பெரும்பாலும் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். அதை இடுக்கியால் எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மீண்டும் காற்று இறங்கும். கண்மாய்க் கரையில் நெருஞ்சி காய்ந்து கிடக்கும் மாதங்களில் ஒரே டயரில் ஏழெட்டு முள் ஏறியிருப்பதும் உண்டு. டியூப் இல்லாத டயருக்கு மாறி உள்ளே அடைப்பான் திரவம் ஊற்றிக்கொள்வதே இதற்கு மருந்து. முள் ஏறினாலும் திரவம் துளையை மூடிவிடும். ஆனால் நம் வெயிலில் அது விரைவாக உலர்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும்.

அகலம் 40 மில்லிமீட்டர் இருந்தால் இங்கேயும் அங்கேயும் போதும். எடை எழுபது கிலோவை ஒட்டியிருந்தால் காற்று 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை வைக்கலாம். பலர் கல்லைப் போல் இறுக அடித்துவிட்டு, சரளையில் வண்டி துள்ளுகிறது என்று வருந்துகிறார்கள். பிரான்சிலும் முள் இல்லாமல் இல்லை. வேலி மரங்களைக் கழித்துவிடும் பருவத்தில் பாதையெங்கும் முள் சிதறியிருக்கும். வண்டியைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றுவது நீண்ட பயணத்துக்கே தகும். ஒரு வாரமென்றால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். வட்டார ரயில்களில் பொதுவாகச் சைக்கிளை ஏற்றலாம், அதிவேக ரயிலில் முன்பதிவு வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். கிராமத்துப் பாதையில் நாள் முழுக்கப் போனால் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்வது?
– வாசகி, கோட்டையூர்

பதில்: இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக் கிராமங்களில் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் திறக்கவே மாட்டா. நம் ஊரில் எந்த முக்குக்குப் போனாலும் ஒரு டீக்கடை இருக்கும் என்ற நினைப்பை விட்டுவிட்டு, காலையிலேயே ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து முறுக்கும் சீப்புச் சீடையும் கொண்டுபோகலாம். பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருப்பதால், நெய் சேர்ந்த மாவுருண்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி உண்டு. ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்காகக் குழாய் இருக்கும். அங்குள்ள சைக்கிள்காரர்கள் அதில்தான் நிரப்பிக்கொள்கிறார்கள். நமக்கு மனம் ஒப்பாமல் இருக்கலாம், ஆனால் அங்கே அதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. குடிக்கத் தகாத நீரானால் 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருப்பார்கள். சேன் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவீ (1853–1930), பிரான்சில் சைக்கிள் சுற்றுப்பயணத்தை வளர்த்தவர். பசி எடுப்பதற்கு முன் உண்ண வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன் குடிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது இன்றும் நூற்றுக்கு நூறு சரி.

கேள்வி: தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்தப் பாதைகளில் ஆபத்து ஏதும் உண்டா? எந்த மாதம் நல்லது?
– வாசகி, புதுவயல்

பதில்: மே, ஜூன் மாதங்கள் மிக நல்லவை. பகல் நீளம், தெற்கின் கடும் வெயில் இன்னும் தொடங்கியிராது. செப்டம்பரில் வானிலை இனிமையாக இருந்தாலும், அந்த மாதம் தொடங்கிப் பிப்ரவரி வரை பொதுவாக வேட்டைப் பருவம். காட்டு வழியின் வாயிலில் வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அன்று அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது. மற்ற நாள்களிலும் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். குளிர்காலத்தில் சில குகைப்பாதைகளை வௌவால்கள் உறங்குவதற்காக மூடிவிடுவார்கள். க்ளூனிக்குத் தெற்கேயுள்ள 1.6 கிலோமீட்டர் நீளப் புவா க்ளேர் குகைப்பாதை அவற்றுள் ஒன்று. கால்வாய்க் கரைகளில் மனித நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். தனிப் பயணத்தை அங்கே தொடங்கி, பழகியபின் காட்டுப் பாதைக்குச் செல்வதே என் யோசனை. எங்கு தங்கப்போகிறீர்கள் என்பதை ஒவ்வொரு காலையும் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிரான்சுக்குப் போக எல்லோருக்கும் வாய்க்காது. நம் செட்டிநாட்டிலேயே வண்டித் தொல்லை இல்லாமல் இப்படி ஓட்ட வழியில்லையா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: இருக்கிறது, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பாதை முன்பு என்னவாக இருந்தது என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள். கண்மாய்க் கரை, வரத்துக்கால் ஓரம், மாட்டு வண்டிகள் சந்தைக்குப் போன செம்புறாங்கல் சரளைப் பாதை, கோயிலுக்கு நடந்துபோன குறுக்கு வழி ஆகியவை நம் நிலத்தில் இன்னும் கிடக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நகரத்தாரில் வயதானவர்களைக் கேட்டால், தார்ச்சாலை வருவதற்கு முன் எந்த வழியாக நடந்தார்கள் என்பதைச் சொல்வார்கள். இப்போதே குறித்துவைக்காவிட்டால் அந்த வழிகள் வீட்டுமனைகளாகிவிடும்.

தொடக்கத்துக்கு நகரத்தாரின் ஒன்பது கோயில்களை எடுத்துக்கொள்ளலாம். மாத்தூர், இலுப்பைக்குடி இரண்டும் காரைக்குடிக்கு அருகில். பிறகு பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி என்று ஒவ்வொரு விடுமுறை நாளிலும் இரண்டிரண்டாக இணைத்துப் பாருங்கள். பேருந்துச் சாலையைக் கடக்க மட்டும் செய்துவிட்டு, முடிந்தவரை கரையிலும் வண்டிப் பாதையிலும் செல்வதே விதி. வழியில் ஊருணிகள் வரும். குடிநீர் ஊருணியில் காலோ சக்கரமோ கழுவக் கூடாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிச் செல்பவர்கள் ஓசை எழுப்பாமல் போக வேண்டும். அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் மேடு தாங்கும், ஆனால் கண்மாயை ஒட்டிய கரிசல் களி சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். குடிமராமத்தில் புதிதாக மண் போட்டு உயர்த்திய கரையில் ஒரு மழைக்காலம் கழிந்து மண் இறுகும்வரை யாரும் ஓட்ட வேண்டாம்; ஈரத்தில் விழும் சக்கரத் தடத்தின் வழியாகவே மழைநீர் இறங்கிக் கரையை அரித்துவிடும். அதுவரை எந்தக் கரை இறுகியிருக்கிறது என்பதை அந்தந்த ஊர் நீர்பாய்ச்சியிடம் கேட்டு, அவர் காட்டும் கரையில் செல்லுங்கள்.